கேட்ட பின்னர் தீர்த்தல்

இன்று பட்டம் பெறும் சட்ட மாணவர்களே,

தலவாக்கலையில் நின்று இயற்கை நீதியைப் பற்றிப் பேச வந்தவன் ரோமாபுரியிலிருந்து தொடங்கவேண்டிய அவசியமில்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்தே தொடங்கலாம். நாளெல்லாம் மலையில் நின்ற ஒரு பெண்ணுக்கு, கூடைக்கும் ஈரத்துக்குமெனக் கழித்தது போக எஞ்சிய நிறை போதாதென்று செக்ரோல் என்னும் பதிவேட்டில் அரை நாள் வேலையென அரைப்பேர் விழுகிறபோது, கவ்வாத்து வெட்டிய அந்த மலையில் கொழுந்தே இன்னும் சரியாகத் துளிர்க்கவில்லையென்று அவள் சொல்ல வந்ததைக் கேட்பதற்கு அங்கே ஒருவருமில்லை. கணக்கெழுதியவரே சாட்சி, அவரே தீர்ப்பாளர். எதிர்த்தரப்பைக் கேளாமல் முடிவு செய்யலாகாது, தன் காரியத்தில் தானே நீதிபதியாகலாகாது என்று நீங்கள் பரீட்சைக்காக மனனம் செய்த இரண்டு நியமங்களும் அரை நாட் சம்பளத்துக்காக ஒருங்கே மீறப்படுகின்றன.

இந்நியமங்களின் சரித்திரத்தில் நம் தீவுக்குப் பெரிய இடமுண்டு. அது முழுவதும் பெருமைக்குரியதன்று. யுத்தகாலத் துணிக் கட்டுப்பாட்டு விதிகளின்கீழ் நக்குடா அலி என்னும் வியாபாரியின் அனுமதிப்பத்திரத்தைக் கட்டுப்பாட்டதிகாரி ரத்துச் செய்தபோது, வழக்கு அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. நியாயமான காரணமின்றி அவ்வதிகாரி செயற்படலாகாது என்று ஒப்புக்கொண்ட அதே நீதிபதிகள், அவர் செய்தது நிர்வாகக் காரியமேயன்றி நீதி பரிபாலனமன்று, ஆகையால் நீதிமன்றம் அதில் தலையிடுவதற்கில்லை என்று 1950இல் விதித்தார்கள். ஜீவனோபாயத்தையே பறிக்கும் ஒரு செயலை 'நிர்வாகம்' என்று பெயரிட்டு ஒதுக்கிவிட்ட அத்தீர்ப்பு எனக்கு இன்றளவும் சகிக்கக்கூடியதாக இல்லை. பிரைட்டன் நகரப் பொலிஸ் தலைவரை விசாரியாமல் நீக்கிய வழக்கில், 1963இல், பிரபுக்கள் சபையின் ரீட் பிரபு, பழைய தீர்ப்புகளைப் பிழைபட விளங்கிக்கொண்டதன் விளைவே நக்குடா அலி தீர்ப்பு என்று எழுதி அதனைத் தள்ளினார்.

பின்னர் யாழ்ப்பாணம். 1966இல் அமைச்சர் மாநகர சபையைக் கலைத்தபோது, சபையைக் கேட்டிருக்கவேண்டும் என்று பிரிவிக் கவுன்சில் தெளிவாகச் சொல்லிற்று. சொல்லிவிட்டு, குறைகூற வேண்டியது சபையேயன்றி மேயர் துரையப்பா தனியே அல்லர் என்று மனுவைத் தள்ளியும் விட்டது! கலைக்கப்பட்ட சபை கூடி எப்படி வழக்குத் தொடரும் என்பதை வழக்கறிஞர்களாகிய நீங்கள்தான் விளக்கவேண்டும்.

ஆயினும் இம்மலைநாட்டின் பேரநீதி நீதிமன்றத்தில் நிகழ்ந்ததன்று. 1947இல் சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தலவாக்கலைத் தொகுதியின் தொழிலாளரிற் பெரும்பாலோரை மறு ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. அடுத்த தேர்தலில் வாக்காளர் இடாப்பில் அவர்களின் பெயரில்லை. வாக்குரிமை குறித்த கோடாகன்பிள்ளை வழக்கில், 1953இல், பாரபட்சமான சட்டங்களைத் தடுக்கவென அன்றைய அரசியலமைப்பிலிருந்த 29ஆம் பிரிவும் அவர்களைக் காக்கவில்லை. கேட்ட பின்னர் தீர்க்கவேண்டும் என்னும் நியமம் அதிகாரியின் கையைப் பிடிக்குமேயன்றிச் சட்டமியற்றுவோரின் கையைப் பிடிப்பதில்லை.

எனவே பிடிக்கக்கூடிய கைகளைப் பற்றியே உங்களிடம் சொல்கிறேன். கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 1957ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பிறந்த தொழில் நியாயசபைகளில், சட்டத்தரணியில்லாமலே தொழிற்சங்கப் பிரதிநிதி எழுந்து வாதாடலாம். ஒப்பந்தத்தில் எது எழுதியிருந்தாலும் நீதியும் நியாயமுமான கட்டளையைச் சபை வழங்கலாம். ஆனால் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் அங்கே வந்து சேர்வதற்குள் அடுப்பு பல மாதம் அணைந்திருக்கும். அதற்கு முன்னரே, தோட்டத்துக் காரியாலயத்தில் நடக்கும் விசாரணையில் உங்களிற் சிலர் மேசைக்கு அப்புறத்திலும் சிலர் இப்புறத்திலும் உட்காரப்போகிறீர்கள். அப்புறத்தில், நிர்வாகத்தின் பக்கம், உட்காருகிறவர்கள், குற்றப்பத்திரத்தை அத்தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் எழுதி, அவர் சங்கத் தலைவரிடம் காட்டி யோசிப்பதற்கு அவகாசமிருக்கும்படி முற்கூட்டியே கொடுங்கள்; முறைப்பாடு செய்த கண்காணியை விசாரணை செய்பவராக நியமிக்காதீர்கள்; தொழிலாளி சொன்னதை எழுதிக்கொண்ட பின்னர், கையொப்பமிடுமுன் அவருக்கே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.