படத்தில் இருப்பவரின் பெயர்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு மலருக்காகப் பழைய படங்களைச் சேர்க்கும் இந்த வேளையில், நோய்களை விட்டுவிட்டு ஒரு புகைப்படத்தைப் பற்றிப் பேசலாமா என்று செயலாளரிடம் கேட்டேன். "என்னத்தைப் பேசினாலும் பத்து நிமிசத்துக்குள்ள முடிச்சுப்போடும்" என்றார். அவர் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். சொல்லைத் தட்ட முடியாது.

முதலில் என் கதை ஒன்று. உள்ளகப் பயிற்சி வைத்தியராக இருந்தபோது, நீரிழிவுப் புண்ணோடு விடுதியில் கிடந்த ஓர் அம்மாவின் காலைப் படமெடுத்தேன். வைத்தியர்களின் கூட்டமொன்றில் காட்டுவதற்காக. முறைப்படி சம்மதம் கேட்டுத்தான் எடுத்தேன். மருந்து கட்டி முடிந்ததும் அவர் சிரித்துக்கொண்டே, "பிள்ளை, காலை எடுத்தாய், சரி. என்னை ஒரு படம் எடுக்கேல்லையே?" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அந்தக் காலின் படம் இன்றும் என் மனதில் இருக்கிறது. அந்த அம்மாவின் பெயர் மறந்துவிட்டது.

பல வருடங்களுக்குப் பிறகு, அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டொரதியா லாங் பற்றி வாசித்தபோது அந்த அம்மாவின் சிரிப்பு திரும்பவும் என் காதில் கேட்டது.

லாங் 1895இல் பிறந்தவர். ஏழு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து, வலது கால் வாழ்நாள் முழுவதும் நொண்டியது. சன் பிரான்சிஸ்கோவில் வசதி படைத்தவர்களைப் படமெடுக்கும் ஸ்டூடியோ ஒன்றை நடத்தினார். 1929இல் பங்குச்சந்தை சரிந்தது. 1933 அளவில் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. லாங்கின் ஸ்டூடியோ ஜன்னலுக்குக் கீழே வேலையற்ற மனிதர்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். அவர் கமெராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு இறங்கினார். இலவச உணவுக்கான வரிசையில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, தகரக் குவளையை முன்னால் வைத்துக்கொண்டு, கைகளைக் கோத்தபடி நிற்கும் வயதான மனிதரின் படம் அப்போது எடுத்ததுதான்.

1935இல் அவருக்கு மீள்குடியேற்ற நிர்வாகம் என்ற அரச நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பெயர் எங்களுக்குப் பழக்கமானதாகவே இருக்கிறது, இல்லையா? வரட்சியாலும் கடனாலும் நிலத்தை இழந்த விவசாயிகள் பழைய கார்களில் பாயையும் சட்டிபானையையும் கட்டிக்கொண்டு மேற்கே கலிபோர்னியாவுக்குப் போனார்கள். அவர்கள் எப்படிச் சமைத்தார்கள், எங்கே படுத்தார்கள், பிள்ளையை எங்கே கழுவினார்கள் என்பதைப் படமாக்கி நாட்டுக்குக் காட்டுவது லாங் போன்றவர்களின் வேலை.

1936 மார்ச்சில், ஒரு மாதப் பயணம் முடிந்து மழையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். நிப்போமோ என்ற இடத்தில் பட்டாணி பறிப்பவர்களின் முகாம் இருப்பதாக ஒரு பலகை காட்டியது. நிற்காமல் இருபது மைல் ஓடியபின், மனம் கேளாமல் காரைத் திருப்பினார். முகாமில் பயிர் உறைபனியில் அழிந்து, வேலையும் இல்லை, உணவும் இல்லை. கிழிந்த கூடாரத்தின் கீழ் ஒரு தாய். இரண்டு பிள்ளைகள் முகத்தைத் திருப்பி அவள் தோளில் சாய்ந்திருக்க, மடியில் ஒரு கைக்குழந்தை. ஒரு கை கன்னத்தருகே. கண் எங்கோ தூரத்தில். சில நிமிடங்களில் சில படங்கள். அவ்வளவுதான். 'இடம்பெயர்ந்த தாய்' என்று உலகம் இன்று சொல்லும் படம் அவற்றில் ஒன்று.

அந்தப் படத்துக்கு எழுதப்பட்ட விபரத்தின் சாரம் இதுதான்: கலிபோர்னியாவில் வறுமைப்பட்ட பட்டாணி பறிப்போர், ஏழு பிள்ளைகளின் தாய், வயது 32.

இங்கே இருக்கும் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் இந்த நடை தெரியும். நாங்கள் நோயாளர் குறிப்பில் எழுதுவதும் இப்படித்தான். வயது, பிள்ளைகள் எத்தனை, முறைப்பாடு என்ன. லாங் அவளிடம் பெயரையோ கதையையோ கேட்கவில்லை. பின்னாளில் தானே அப்படி எழுதியிருக்கிறார்.

படம் பலன் தரவில்லை என்று சொல்ல மாட்டேன். மார்ச் 10ஆம் திகதி சன் பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்று அந்த முகாமின் படங்களை வெளியிட்டது. அரசாங்கம் 20,000 இறாத்தல் உணவை முகாமுக்கு அனுப்பியது. எத்தனையோ பேர் வயிறாறியிருப்பார்கள். ஆனால் அந்தத் தாயின் குடும்பம் அதற்கு முன்பே வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விட்டது. அவளது படத்தால் வந்த உணவில் அவளுக்குப் பங்கு கிடைக்கவில்லை.

அவளது பெயர் உலகத்துக்குத் தெரியவந்தது 1978இல். லாங் 1965இலேயே இறந்துவிட்டார். புளோரன்ஸ் ஓவென்ஸ் தொம்சன் என்பது அவள் பெயர். செரோக்கி என்ற பழங்குடியைச் சேர்ந்தவள். அதையும் யாரும் கேட்டிருக்கவில்லை. முதற் கணவர் 1931இல் காசநோயால் இறந்தவர். பிள்ளைகளை வளர்க்க வயல்களிலும் சமையலறைகளிலும் வைத்தியசாலைகளிலும்கூட வேலை செய்தவள். காரின் டயர்களை விற்றுச் சாப்பாடு வாங்கியதாக லாங் எழுதியிருந்தார். அது நடக்கவே இல்லை என்றது குடும்பம். கார் பழுதாகி நின்றது, மகன்மார் அதைத் திருத்த ஊருக்குள் போயிருந்தார்கள், அவ்வளவுதான். தன்னை அந்தப் படத்தில் எடுத்திருக்கவே கூடாது, பெயரைக்கூடக் கேட்கவில்லை, தனக்கு அதனால் ஒரு சதமும் வரவில்லை என்று புளோரன்ஸ் மனம் நொந்தார். அரசாங்கத்தின் படமாகையால் லாங்குக்கும் அதில் உரிமைப்பணம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும்.

1983இல் புளோரன்ஸ் நோயில் விழுந்தார். மருத்துவச் செலவுக்கு வழியில்லாமல் பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்டார்கள். நாடெங்கிலும் இருந்து பணமும் கடிதங்களும் வந்து குவிந்தன. அதுவரை அந்தப் படத்தை ஒரு சாபம்போல் எண்ணிய பிள்ளைகள், கடிதங்களை வாசித்தபின் அதைப் பெருமையோடு பார்க்கத் தொடங்கினார்கள். படம் மாறவில்லை. அம்மாவுக்குப் பெயர் இருந்தது, அந்தப் பெயருக்குக் கடிதம் வந்தது. மாறியது அதுதான். அந்த ஆண்டு செப்டெம்பரில் புளோரன்ஸ் காலமானார்.

லாங்கைக் குறைசொல்ல நான் இங்கே வரவில்லை. அவரிடம் நான் மதிக்கும் ஒன்று, அவர் கற்றுக்கொண்டே போனார். 1939இல் கணவர் போல் டெய்லருடன் வெளியிட்ட நூலில், படங்களோடு அந்த மக்கள் சொன்ன வார்த்தைகளையே அச்சிட்டார்கள். 1942இல் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் வீடுகளிலிருந்து எழுப்பப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டபோது, அதைப் படமெடுக்க அரசாங்கமே அவரை அமர்த்தியது. சட்டையில் இலக்கத் துண்டு கட்டப்பட்ட பிள்ளைகளை, மூட்டைகளுக்கு அருகே காத்திருக்கும் முதியவர்களை அவர் எடுத்தார். ஒழுங்கான உடை, நிமிர்ந்த முகம், சட்டையில் ஓர் இலக்கம். படங்களைப் பார்த்த இராணுவத்தினர் அவற்றை முடக்கிவைத்தார்கள். அவற்றுள் பல நூலாக வந்தது 2006இல்தான். சாதாரண மக்களின் சாதாரண நாளை உள்ளபடி காட்டும் படத்துக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. முகாம் என்றால் என்ன என்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இனி எங்கள் படங்களுக்கு வருகிறேன். எங்கள் வகுப்பில் பலரிடம் பள்ளிக்காலப் படம் ஒன்றுகூட இல்லை. 1995 இடப்பெயர்வில் சைக்கிளில் அரிசிக்கும் தம்பி தங்கைக்கும்தான் இடமிருந்தது, அல்பத்துக்கு இருக்கவில்லை. வெளிநாடுகளில் இருக்கும் அக்காமார் அனுப்பிய படங்களால்தான் மலர்க் குழுவின் மேசை இன்று நிறைந்திருக்கிறது. போன கிழமை அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எல்லோருக்கும் கீழே பெயர் இருக்கிறது. அதிபர், ஆசிரியைகள், மாணவத் தலைவி. விடுதிப் படம் ஒன்றின் ஓரத்தில், தூணோடு ஒட்டி, ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி ஒருவர் நிற்கிறார். எங்கள் சமையலறை ஆச்சி. அவருக்குக் கீழே எழுத்தில்லை.

ஆச்சியின் கையால் ஏழு வருடம் புட்டும் சொதியும் சாப்பிட்டவள் நான். காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்து இரவு கட்டிலடிக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். எனக்கு முதல் வைத்தியர் ஆச்சி என்றாலும் பிழையில்லை. என் வகுப்புத் தோழிகள் ஆறு பேரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டேன். ஒருவருக்கும் ஆச்சியின் பெயர் தெரியவில்லை. லாங் அந்தக் கூடாரத்தில் நின்றது சில நிமிடங்கள். நாங்கள் ஆச்சியோடு ஏழு வருடம் இருந்தோம்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. மலரை அச்சுக்குக் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது. ஆச்சியின் பெயர், மணியடித்த ஐயாவின் பெயர், வாசலில் நின்ற காவலாளியின் பெயர், கூட்டித் துடைத்த அம்மாமாரின் பெயர் தெரிந்தவர்கள் தயவுசெய்து குழுவுக்கு எழுதுங்கள். அவர்களின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். படத்தைப் போடலாமா என்று அவர்களிடம் கேட்டு, மலரில் ஒரு பிரதியையும் அவர்கள் கையில் கொடுப்போம். வீட்டில் இருக்கும் பழைய படங்களையும் வெளியே எடுங்கள். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள்.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்கிறேன். இப்போதெல்லாம் சிகிச்சைக்காக ஒரு நோயாளரைப் படமெடுக்க நேர்ந்தால், முதலில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். எடுத்ததை அவருக்குக் காட்டுவேன். விரும்பினால் அவருடைய தொலைபேசியிலேயே அவர் முகத்தையும் ஒரு படம் எடுத்துக் கொடுப்பேன். அந்த அம்மா கேட்டது அதைத்தான்.

பத்து நிமிடம் தாண்டிவிட்டது. செயலாளர் அக்கா பார்க்கும் பார்வை தெரிகிறது.