குளத்தில் இறக்கிவிட ஓர் ஆள்



பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாக நோயுற்றுக் கிடந்த மனிதரை நாம் அறிவோம் (யோவான் 5:1-9). நலம்பெற விருப்பமா என்று இயேசு கேட்டபோது, குளத்தில் தண்ணீர் இல்லை என்று அவர் முறையிடவில்லை. தண்ணீர் கலங்கும் வேளையில் தம்மை இறக்கிவிட ஆள் இல்லை என்பதே அவருடைய குறை.

நம் சென்னை மாநகரிலும் பல ஏழைகளின் நிலை இதுதான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. 60 வயது கடந்து ஆதரவின்றி வாழ்வோருக்கு மாதாந்திர உதவித்தொகை உண்டு. வீட்டுவேலை செய்யும் சகோதரிகளுக்கு 2007 முதல் தனி நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி கிடைக்கும். வழக்கு என்று வந்தால், பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞரைச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அமர்த்தித் தரும். 15100 என்ற எண்ணை அழைத்தால் வழி சொல்வார்கள்.

ஆனால், நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கும் தாய் இவற்றையெல்லாம் எப்படி அறிவார்? அறிந்தாலும், இ-சேவை மையத்துக்குப் போக லீவு போட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். போன இடத்தில், ஆதாரில் ஓர் இனிஷியல், ரேஷன் கார்டில் வேறோர் இனிஷியல் என்று திருப்பி அனுப்புவார்கள். "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப் போகுது?" என்று அவர் அதோடு விட்டுவிடுவார். அந்த நேரம் பார்த்து, பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று ஒரு தரகர் வந்து நிற்பார்.

கோவில் வாசலில் கை நீட்டுபவருக்குப் பத்து ரூபாய் கொடுப்பது நமக்கு எளிது. அரை நாளைக் கொடுப்பதுதான் கடினம். தொடக்கத் திருச்சபையில், அன்றாடப் பந்தியில் கைம்பெண்கள் சிலர் கவனிக்கப்படவில்லை என்ற முணுமுணுப்பு எழுந்தது. உணவு இருந்தது, அது அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அதைச் சேர்ப்பதற்கென்றே ஏழு பேரை நியமித்தார்கள் (திருத்தூதர் பணிகள் 6:1-6).

நம் அன்பியங்களும் இந்த வாரம் அப்படி இருவரை நியமிக்கட்டும். நம் தெருவில் தனித்து வாழும் முதியவர் யார், உழைத்துப் பிழைக்கும் கைம்பெண் யார் என்று கேட்டறிவோம். எந்தச் சமயத்தவர் என்று பார்க்க வேண்டாம். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்து, வேறுபட்டால் முதலில் அதைத் திருத்தித் தருவோம். வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்க உதவுவோம். அலுவலகத்துக்கு உடன் போய் வரிசையில் நிற்போம். ரசீதைக் கேட்டு வாங்கி அவர் கையில் கொடுப்போம். மனு என்ன ஆயிற்று என்று நம் கல்லூரிப் பிள்ளைகள் செல்போனில் பார்த்துச் சொல்லட்டும். முதல்முறை மறுத்தால், இரண்டாம் முறையும் உடன் போவோம்.

இயேசு ஒரு சொல்லால் அந்த மனிதரை எழுப்பி நடக்கவைத்தார். அந்த வல்லமை நமக்கு இல்லை. ஆயினும், எனக்கு ஆள் இல்லை என்று நம் தெருவில் ஒருவரும் சொல்லாதபடி பார்த்துக்கொள்வது நம்மால் இயலும். அதற்கான மனத்தை இறைவன் நமக்குத் தந்து, நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.