தலைமடையும் கடைமடையும்: பாலித் தீவின் நெல் வேளாண்மை



உலகின் வேளாண் முறைகள் என்னும் பொருள் கடலளவு விரிந்தது. காட்டை எரித்துத் திருத்திச் சில ஆண்டுகள் விதைத்தபின் நிலத்தைக் காட்டிற்கே விட்டு நகரும் பெயர்வு வேளாண்மை உண்டு. மங்கோலியப் புல்வெளியில் மந்தையோடு இடம்பெயரும் மேய்ச்சல் வாழ்வு உண்டு. கனடாவின் சமவெளியில் பொறிகளே விதைத்துப் பொறிகளே அறுக்கும் கோதுமைப் பெருவேளாண்மை உண்டு. மெக்சிகோவில் ஏரிச் சேற்றை மேடாக்கி அதன்மேல் பயிர் செய்யும் சினாம்பாவும் உண்டு. இவற்றையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் அடக்க முயன்றால் அது பட்டியல் வாசிப்பாகவே முடியும். ஆதலால் இந்தோனேசியாவின் பாலித் தீவில் வழங்கும் ‘சுபாக்’ என்னும் ஒரு முறையை மட்டும் இங்கே காண்போம்.

பாலி எரிமலைகளின் தீவு. ஆறுகள் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளில் ஓடுகின்றன. கழனிகளோ மேலே மலைச்சரிவில் படிபடியாக அமைந்துள்ளன. ஆற்றை மேலிடத்தில் தடுத்து, பாறையைக் குடைந்த சுரங்கங்கள் வழியாகவும் வாய்க்கால்கள் வழியாகவும் நீரைக் கொணர்தல் வேண்டும். இது தனியொருவர் செயலன்று. ஒரே நீர்மூலத்தைப் பகிரும் உழவர்கள் கூடி அமைத்த சங்கமே சுபாக். இதன் தொடக்கம் 9ஆம் நூற்றாண்டு எனக் கூறுவர். ஏறத்தாழ 1,200 சங்கங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 உழவர்கள் வரை இருப்பர். வாய்க்கால் பிரியுமிடத்தில் மரக்கட்டை ஒன்றைக் குறுக்கே இட்டு, அவரவர் பங்கிற்கேற்ற அகலத்தில் அதில் வாய்கள் வெட்டியிருப்பர். நீரின் பங்கு எல்லார் கண்முன்னும் தெரிந்துவிடுவதால் களவிற்கு இடம் குறைவு.

எந்தச் சங்கம் எப்போது நடவு செய்வது என்பதை நீர்க்கோயில்களில் கூடி முடிவு செய்வர். இக்கோயில்களுக்கெல்லாம் தலைமையாக, பதூர் எரிமலை ஏரியின் தேவிக்கு உரிய உலுன் டானு கோயில் விளங்குகிறது.

இங்கே ஓர் ஐயம் எழும். தலைமடையில் இருப்பவருக்கு நீர் முதலில் கிடைக்கிறது. அவர் ஏன் கடைமடைக்காரரின் வசதிக்காகத் தம் நடவை மாற்றிக்கொள்ள வேண்டும்? பக்தி ஒன்றே விடையன்று. நீர் மேலிருந்து கீழே பாயும். பூச்சியோ கீழிருந்தும் மேலே வரும். அண்டைக் கழனிகள் ஒரே காலத்தில் அறுவடையாகித் தரிசாகக் கிடந்தால், புகையான் போன்ற பூச்சிகளுக்கு உணவின்றிப் பெருக்கம் தடைப்படும். கடைமடைக்காரர் நீரின்றிக் காலந்தாழ்த்தி நட்டால், அவர் வயலில் பெருகும் பூச்சி தலைமடைக்கும் வந்து சேரும். எனவே மேலிருப்பவர் நீரை விட்டுக்கொடுக்கிறார். கீழிருப்பவர் ஒருங்கே தரிசு போடுகிறார். கொல்லாமை நோக்கில் இதை முற்றும் குறையற்றது என்று கூறிவிட முடியாது. பட்டினியாலும் உயிர்கள் மடியும். ஆயினும் நஞ்சு தெளித்துத் தவளையையும் மீனையும் சேர்த்து அழிப்பதினும் இது எவ்வளவோ மேல்.

1970களில் பசுமைப் புரட்சி பாலிக்கு வந்தது. ஐ.ஆர். வகை நெற்களைத் தமிழக உழவர்களும் நன்கறிவர். கோயில் முறை பழமைச் சடங்கென ஒதுக்கப்பட்டது. இடைவிடாது நடவு செய்யுமாறு உழவர்கள் தூண்டப்பட்டனர். தொடக்கத்தில் விளைச்சல் உயர்ந்தது உண்மை. அதை மறைத்தல் நேர்மையாகாது. பின்னர் நீர்முறை குலைந்தது, புகையான் பெருகியது. அதைத் தாங்கும் ஐ.ஆர்.36 வந்தது; அப்பயிரையோ துங்ரோ நோய் தாக்கியது. மருந்தடித்தமையால் பூச்சியின் இயற்கைப் பகைகளும் மாண்டன. 1986இல் இந்தோனேசிய அரசே நெற்பயிருக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்ய நேர்ந்தது.

ஸ்டீபன் லான்சிங் என்னும் மானிடவியலாளரும் ஜேம்ஸ் கிரெமர் என்னும் சூழலியலாளரும் ஊஸ், பெடானு ஆகிய இரு ஆறுகளின் இடையிலுள்ள 172 சுபாக்குகளைக் கணினியில் உருவகித்து ஆராய்ந்தனர். ஒவ்வொரு சங்கமும் தன் விருப்பப்படி நட்டால் பூச்சி மிகுந்தது. அனைத்தும் ஒரே நாளில் நட்டால் நீர் போதவில்லை. இடைப்பட்ட அளவில் குழுக்களாகச் சேர்ந்து நட்டபோதே விளைச்சல் சிறந்தது. அக்குழுக்களின் அமைப்போ ஏறத்தாழ நீர்க்கோயில்களின் அமைப்பாகவே இருந்தது. எழுத்தறியாத உழவர்கள் என்று எள்ளப்பட்டவர்கள் பல நூற்றாண்டுப் பட்டறிவால் கண்டதைக் கணினி பின்னர் வந்து வழிமொழிந்தது.

2012இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது. ஆனால் அக்கழனிகளின் அழகைக் காண வருவோர்க்காகவே விடுதிகள் பெருகி, கழனிகள் கைமாறுகின்றன. விடுதிகளும் நீரைக் கேட்கின்றன. வாய்க்காலின் நடுவே ஒருவர் நிலத்தை விற்றுவிட்டால், அவருக்குக் கீழே இருக்கும் கடைமடைக்காரர் கோயிலில் யாருடன் அமர்ந்து நடவு நாள் குறிப்பது? பாலியின் சுபாக் கூட்டங்களில் இன்று எழும் கேள்வி இதுவே.