புல்தரையில் இறங்கும் விமானம்



1931-ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த டைகர் மாத் என்னும் பயிற்சி விமானத்தை வகுத்தவர்கள் அதன் சக்கரங்களுக்கு பிரேக் வைக்கவில்லை. பின் அது எங்ஙனம் நின்றது? வாலின் அடியில் பொருத்தியிருந்த ஒரு சிறு சட்டம் புல்தரையைக் கீறிக்கொண்டே சென்று வேகத்தைத் தணித்தது. தரையே அதற்கு பிரேக். கெட்டியான ஓடுபாதைகள் பெருகியபின் வாற்சக்கரமும் பிரேக்கும் வந்தன. ஆயினும் நீளம் குறைந்த புல்தளத்தில் இறங்கும் விமானி இன்றும் பிரேக்கை முழுதும் நம்புவதில்லை. காரணம் உங்கள் பௌதிகப் பாடத்திலேயே இருக்கிறது.

மேசைமீது ஒரு தடித்த புத்தகத்தை வைத்துத் தள்ளிப் பாருங்கள். பிறகு ஒரு கையால் அதனைச் சற்றே தூக்கிப் பிடித்தபடி தள்ளுங்கள், எளிதில் நகரும். உராய்வு, அழுத்தும் பாரத்தைப் பொறுத்தது அன்றோ? சக்கரம் தரையைத் தொட்ட கணத்தில் விமானத்தின் பாரத்தில் பெரும்பகுதியை இறக்கைகளே தாங்கிக்கொண்டிருக்கின்றன. அப்போது பிரேக்கை இறுக அழுத்தினால் சக்கரம் சுழலாமல் நின்றுவிடும். விமானமோ நிற்காது, சறுக்கும். சறுக்கும் சக்கரம் திசையையும் காக்காது. ஆதலால் பாரம் சக்கரங்களின்மேல் இறங்கும்வரை பொறுத்திருந்து, பின்னரே மெல்ல அழுத்த வேண்டும். வாற்சக்கர விமானமாயின் மற்றோர் இடரும் உண்டு. வன்மையாக அழுத்தினால் வால் எழும்பி, மூக்கு தரையில் குத்தும். சைக்கிளின் முன் பிரேக்கை மட்டும் இறுகப் பிடித்துத் தலைகுப்புற விழுந்த மாணவர் சிலரை நான் கண்டிருக்கிறேன், தத்துவம் ஒன்றே.

ஈரம் பட்டால் நிலைமை இன்னும் கடினம். பிரிட்டனின் விமானத்துறை சிறு விமானிகளுக்கு அளித்துள்ள வழிகாட்டுதலின்படி, கெட்டியான ஓடுபாதையில் இறங்கி நிற்க 400 மீட்டர் வேண்டுமாயின், உலர்ந்த புல்லில் 460 மீட்டரும் ஈரப்புல்லில் 540 மீட்டரும் வேண்டும். ஒட்ட வெட்டிய புல் ஈரமாயிருப்பின் 640 மீட்டர் வரையிலும் ஆகலாம். அழகாக வெட்டப்பட்ட புல்லே அதிகம் வழுக்குகிறது என்பது வியப்பன்றோ!

இனி வேகத்தைக் கவனியுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் தரை தொட வேண்டியவர் 120-இல் தொட்டால், கூடுதல் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் இயக்க ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அது நூற்றுக்கு 44 பங்கு மிகுந்துவிடும். அத்தனையையும் அந்த ஈரப்புல்லின்மேல் பிரேக் விழுங்கியாக வேண்டும். எனவே நிற்பது என்னும் காரியம் பெரும்பாலும் வானத்திலேயே முடிவாகிவிடுகிறது.

தேர்ந்த விமானி தளத்தின் ஓரத்தில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ முன்னரே அடையாளமாகக் குறித்துக்கொள்வார். அதற்குள் சக்கரம் தரை தொடவில்லையெனில் எஞ்சினை முழு வேகத்தில் முடுக்கி மீண்டும் மேலேறி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்குவார். புதிதாகப் பயில்பவர் சிலர் இதனை நாணத்தக்கதாக எண்ணி, பிரேக்கை நம்பி இறங்கிவிடுகின்றனர். எல்லைவேலி அருகில் வந்தபின் மனம் மாறினாலோ, மேலேறுவதற்கு வேண்டிய வேகமும் இராது, தரையும் இராது.