நடுவில் நிற்கும் வீடு



சென்னையிலிருந்து சூலூர்பேட்டை போகும் மின்சார ரயிலில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் வருகிற ஊர் ஆரம்பாக்கம். கிழக்கே பழவேற்காடு ஏரி. தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகள், எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டி தொழில் நகரம். ஏரிக்கு அக்கரையில், 1971 முதல் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா.

ஏரிக்கரைக் குப்பத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவுக்கு ஓலைக்கூரை, பருத்தி நூல் வலை. பேரனுக்குத் தளம் போட்ட வீடு, நைலான் வலை, கையில் செல்போன். தாத்தாவைவிட அவன் வசதியானவன்தான். ஆனால் அவன் தன்னைத் தாத்தாவோடா ஒப்பிடுவான்? ஆலையில் மாதச் சம்பளம் வாங்குகிறவர் பிள்ளை கல்லூரிக்குப் போகிறது. முகத்துவாரம் மணல் தூர்ந்து வலை வெறுமையாக வரும் வருஷத்தில், இவன் பிள்ளைக்குக் கட்டணம் கட்ட வழியில்லை. இதையும் வறுமை என்றே நான் சொல்வேன். ஒப்பீட்டு வறுமை என்பது இதுதான்.

ஐரோப்பாவில் இதற்குக் கணக்கு உண்டு. மக்களை வருமான வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவரின் வரவைப் பார்ப்பார்கள். அதில் 60 விழுக்காடுகூட எட்டாதவரை வறுமை அபாயத்தில் சேர்ப்பார்கள். நடு உயர்ந்தால் இந்த வறுமைக் கோடும் உயரும். 1990-களில் அயர்லாந்து கிடுகிடுவென வளர்ந்தது. ஏழைகளின் வரவும் கூடியது. நடுவில் இருந்தவர்கள் அதைவிட வேகமாக ஏறியதால் ஒப்பீட்டு வறுமை அதிகமானது. பிரிட்டனில் 2010-11-இல் நேர்மாறு. நடு சரிந்தது, கோடும் இறங்கியது, கணக்கில் ஏழைகள் குறைந்தார்கள். ஆகவே இந்த ஓர் அளவுகோலை மட்டும் நம்பிவிடவும் கூடாது.

நம் நாட்டுக் கோடு வேறு வகை. 2014-இல் ரங்கராஜன் குழு, கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 32 ரூபாய், நகரத்தில் 47 ரூபாய் என்று பரிந்துரைத்தது. பக்கத்து ஊரில் ஆலை வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கோடு அசையாது.

ஆனால் பழவேற்காட்டு மீனவர்கள் அக்கம்பக்கத்தைப் பார்த்தே ஏரியைப் பிரித்தவர்கள். கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் 'பாடு' என்றொரு முறை உண்டு. நல்ல மீன்பிடி இடம் யாருக்கும் சொந்தமில்லை. சீட்டுப் போட்டு, முறைவைத்து வலை விடுவார்கள். ஒரே வீடு மேலே ஏறிப்போகாதபடி பார்த்துக்கொண்ட ஏற்பாடு இது. என் மனதுக்கு மிக நெருக்கமானதும்கூட.

அதே ஏரியில் இருளர் பெண்கள் ஆழமில்லாத நீரில் இறங்குகிறார்கள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்தபடி, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். அந்தப் 'பாடு' ஏற்பாட்டில் அவர்களுக்கு முறை கிடையாது.