உணர்விழந்த பாதமும் அடுத்தவர் கண்ணும்

உணர்விழந்த பாதத்துக்குத் தன்மேல் பட்ட காயம் தெரிவதில்லை. முள் ஏறினாலும், செருப்பு வார் உராய்ந்து தோல் கழன்றாலும், தணலை மிதித்தாலும் அந்தக் கால் வழக்கம்போல நடந்துகொண்டே இருக்கும். நோவு இல்லாததால் ஓய்வு இல்லை. ஓய்வு இல்லாததால் புண் ஆறுவதில்லை. ஆறாத புண் ஆழமாகி எலும்பைத் தொடும். கடைசியில் விரலையோ காலையோ எடுக்க வேண்டிவரும். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் மனிதரை இந்த நிலைக்குக் கொண்டுவரும் நோய்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று தொழுநோய். மற்றது, ஊரார் சீனி வருத்தம் என்று சொல்லும் நீரிழிவு. தொழுநோய் கிருமியால் வருவது, மருந்தால் குணமாவது. நீரிழிவு தொற்றாதது, பெரும்பாலும் ஆயுள் முழுவதும் கூடவே இருப்பது. பிறவியில் உறவில்லாத இவை இரண்டும் நரம்பைக் கெடுப்பதில் ஒன்றாகிவிடுகின்றன.

வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இது வெறுங்காலால் வாழும் நிலம். இறாலுக்கு அத்தாங்கோடு இறங்குபவர் மட்டியும் ஊரியும் கிடக்கும் அடித்தரையை மிதிக்கிறார். வயற்காரர் சேற்றில் நிற்கிறார். கோயில் வீதியிலும் பள்ளிவாசல் படியிலும் செருப்பு கழற்றப்படுகிறது. சித்திரை வெயிலில், பகல் பன்னிரண்டு மணிக்குக் கடற்கரை மணலில் கால் வைத்துப் பார்த்த நேயர்களுக்குத் தெரியும்: கால் தானாகத் துள்ளி நிழலைத் தேடும். யாரும் சொல்லிக்கொடுக்காத அந்தத் துள்ளல்தான் பாதத்தின் காவல். நரம்பு கெட்டவருக்கு அது போய்விடுகிறது. செருப்பு காலைவிட்டுக் கழன்றதுகூடத் தெரியாமல் பத்தடி நடந்து போனவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் காவலை இழந்தவர்கள் கூடி வாழ்ந்த இடம் வாவிக்குள்ளேயே உண்டு. அது மாந்தீவு. தொழுநோய் பரம்பரைச் சாபம் அல்ல, ஒரு கிருமியின் வேலை என்பதை நோர்வே மருத்துவர் ஹன்சன் 1873இல் கண்டறிந்தார். அறிவு வளர்ந்ததோடு அச்சமும் வளர்ந்தது. இலங்கையில் 1901ஆம் ஆண்டின் சட்டம் நோயாளரைப் பிரித்துவைக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் கட்டி முடித்த தொழுநோய் வைத்தியசாலை ஏற்கெனவே இருந்தது. கிழக்கில் அந்த வேலைக்கு மாந்தீவு தெரிந்தெடுக்கப்பட்டது. சுற்றிலும் தண்ணீர் என்பதால் மதில் தேவைப்படவில்லை. தோணி இல்லாமல் போகவும் முடியாது, வரவும் முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை இலங்கைக்கு 1983இல் வந்தது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மருந்து எடுத்தால் போதும், வீட்டிலிருந்தபடியே எடுக்கலாம், செலவும் இல்லை. 1995இல் தேசிய அளவில் தொழுநோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற எல்லைக்குக் கீழே இறங்கியது. ஆனாலும் புதிய நோயாளர் அதிகம் கண்டறியப்படும் மாவட்டங்களில் மட்டக்களப்பு இன்றும் ஒன்று. உணர்ச்சி குறைந்த, நிறம் மங்கிய தேமல் ஒன்று உடம்பில் தெரிந்தால் தோல் கிளினிக்குக்குப் போவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மருந்து கிருமியைக் கொல்லும். நெடுநாள் கெட்டுப்போன நரம்பைப் பெரும்பாலும் திருப்பித் தராது. அதனால்தான் குணமான தொழுநோயாளருக்கும் பாதம் நாட்பட்ட நோயாகவே நிற்கிறது. மாந்தீவில் சிலர் குணமான பிறகும் முதுமைவரை தங்கியதற்குக் காரணம் நோய் அல்ல. திரும்பிப் போக வீடு இருக்கவில்லை, ஊர் ஏற்கவில்லை. பிரித்துவைக்கப்பட்டவர்கள் அங்கே ஒருவருக்கொருவர் வீடானார்கள். இத்தகைய குடியிருப்புகள் பலவற்றில் வாழ்க்கை இப்படித்தான் ஓடியது: விரல் மடங்கியவருக்குச் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட நல்ல விரல் உள்ளவர், கண் மங்கியவரின் காலைப் பார்க்கக் கண் தெளிந்தவர்.

இந்தப் பரஸ்பர உதவி வெறும் இரக்கம் அல்ல, அதுவே மருத்துவத்தின் ஒரு பகுதி என்பதை விளங்கவைத்த இடம் வேலூர். கொல்லிமலையில் 1914இல் பிறந்த போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயே விரலைத் தின்கிறது என்றுதான் அக்காலத்தில் எல்லாரும் நம்பினார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் தடுமாற, மெலிந்த சிறுவன் ஒருவன் முன்வந்து சாவியை ஒரே திருகாகத் திருகித் திறந்துவிட்டான். தரையில் இரத்தத் துளி விழுந்தது. சாவி அவன் விரலை எலும்புவரை அறுத்திருந்தது. அவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. நோவு இருந்தால் எந்தப் பிள்ளையும் அத்தனை அழுத்தம் கொடுத்திருக்காது. விரலைக் கெடுப்பது நோவில்லாத கையின் அளவற்ற பலமே என்ற எண்ணம் அங்கேதான் வலுத்தது.

அதைவிட ஆச்சரியமான கதை இரவுக்கு உரியது. நோயாளர் தங்கியிருந்த நவ ஜீவ நிலையத்தில், மாலையில் முழுதாக இருந்த விரலின் ஒரு பகுதி காலையில் காணாமல் போகும். காயம் எதுவும் பட்டதாகத் தெரியாது. பேய் வேலை என்றுகூட ஊரார் சொல்லியிருப்பார்கள். நோயாளர் முறைவைத்து இரவில் கண்விழித்துக் காவல் இருந்தார்கள். நள்ளிரவில் எலி ஒன்று வந்தது, தூங்குபவரின் விரலை முகர்ந்து பார்த்தது, கொறிக்கத் தொடங்கியது. தூங்கியவர் அசையவே இல்லை. பார்த்தவர் கூச்சலிட, மர்மம் தீர்ந்தது. அதன்பிறகு அங்கிருந்தவர்களுக்குப் பூனை ஒரு மருத்துவத் தேவையாயிற்று. வீடு திரும்பும்போதும் பூனையோடு போனார்கள். நேயர்கள் சிரிக்கலாம். ஆனால் அந்த மர்மத்தைத் தீர்த்தது நுணுக்குக்காட்டி அல்ல, சக நோயாளியின் விழித்திருந்த கண்.

இலங்கையின் பங்கும் இந்த வரலாற்றில் சிறிதல்ல. பின்னாளில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சத்திரசிகிச்சைப் பேராசிரியராக விளங்கிய மில்ரோய் போல், 1930களில் தொழுநோயாளரின் பாதப் புண்ணுக்கு மேலே மருந்து பூசுவதோடு நிற்காமல், காலோடு ஒட்டினாற்போலப் பிளாஸ்ரர் கட்டி நடக்கவிட்டார். உடல் பாரம் ஒரே இடத்தில் விழாமல் பாதம் முழுவதும் பரவியது. மாதக்கணக்கில் ஆறாத புண் ஆறியது. இந்த முறையைப் பிராண்ட் பின்னர் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். 1966இல் லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் நிலையத்தில் அவர் பணியில் சேர்ந்தார். தொழுநோயாளருக்கு உதவியது நீரிழிவுப் புண்ணுக்கும் உதவும் என்பது அங்கே உறுதியாயிற்று. இன்று உலகெங்கும் நீரிழிவுப் பாதப் புண்ணுக்குக் கட்டப்படும் பிளாஸ்ரரின் பூர்வீகம் இதுதான்.

நீரிழிவு கிளினிக்கில் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் நைலோன் இழையும் அதே வழியில் வந்தது. பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. அந்தத் தொடுகை தெரியாத காலுக்குக் காவல் போய்விட்டது என்று பொருள். இழை இல்லாத வீட்டுக்கும் வழி உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட சோதனைக்கு ஒரு விரல் போதும். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒருவர் அவருடைய இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியை ஓரிரு விநாடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, உராயக் கூடாது. ஆறு தொடுகைகளில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் அடுத்த கிளினிக்கில் அதைச் சொல்ல வேண்டும். பேரப்பிள்ளைக்கு இது விளையாட்டு; பாட்டிக்குப் பரிசோதனை.

இந்தச் சோதனையைத் தனியாகச் செய்ய முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும். நீரிழிவு கண்ணின் விழித்திரையையும் கெடுக்கும். வயது போனவருக்கு இடுப்பு வளையாது. எவர் தன் உள்ளங்காலைத் தினமும் பார்க்க வேண்டுமோ, அவருக்கே அதைப் பார்க்க முடிவதில்லை. தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன்மேல் காலைப் பிடித்துப் பார்ப்பது ஒரு வழி. அதைவிட நல்லது அடுத்தவர் கண்.

இந்த எண்ணத்தை ஒழுங்கான அமைப்பாக்கிய நாடுகளில் எத்தியோப்பியா முக்கியமானது. அங்கே அலேர்ட் என்ற தொழுநோய் நிலையம் 1995இல் சுயபராமரிப்புக் குழுக்களைத் தொடங்கியது. நாலைந்து ஆண்டுகளுக்குள் 70க்கும் மேற்பட்ட குழுக்கள் உருவாயின. குழு கூடும்போது புண் எங்கே, எப்படி வந்தது, என்ன செய்தால் மறுபடி வராது என்பவை பேசப்படும். வைத்தியர் சொன்னால் தலையாட்டுபவர், தன்னைப் போன்ற ஒருவர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். புண்ணை மறைத்தவர்கள் அதைக் காட்டப் பழகினார்கள். புண்கள் குறைந்தன, ஊரில் மதிப்பும் கூடியது.

செய்ய வேண்டியவை எளியவை; ஆனால் இரு நோய்க்கும் ஒன்றல்ல. தொழுநோயில் வியர்வை நரம்பும் கெடுவதால் தோல் வரண்டு வெடிக்கும். ஆகவே பாதத்தைச் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம்போல ஊறவைத்து, காய்ப்பை மெல்லத் தேய்த்து, ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெய் தடவுவது வழக்கம். நீரிழிவில் ஊறவைக்கக் கூடாது. கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைக்க வேண்டும். எண்ணெயை விரலிடுக்கில் பூசக் கூடாது. இரத்தக் குழாயும் அடைபட்டிருக்கலாம் என்பதால் கால் ஆணியையும் காய்ப்பையும் பிளேட்டால் வெட்டுவது ஆபத்து. சுடுதண்ணீரைக் காலால் பதம் பார்ப்பது இரு நோய்க்கும் ஆகாது. முழங்கையால் பார்க்க வேண்டும். செருப்பு போடுமுன் உள்ளே கையைவிட்டுத் தடவ வேண்டும். மருந்து கட்டும் அறைக்கு வரும் கதைகளில் செருப்புக்குள் கிடந்த கல்லின் கதையும் உண்டு.

வாவிக் கரையில் இதற்குப் புதிய சங்கம் அமைக்கத் தேவையில்லை. கிளினிக் நாளே ஒரு சங்கம். மண்டூர்ப் பக்கத்தவர் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கு வர, குருமண்வெளித் துறைக்குக் கடக்கும் ‘பாதை’ நெடுங்காலம் துணைநின்றது. வெளியூர் நேயர்களுக்கு ஒரு விளக்கம்: மட்டக்களப்பில் பாதை என்றால் வாகனமும் ஆளும் ஏறும் மிதவை. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை அங்கும் அதுவே வழி. விடியுமுன் வந்து நம்பர் துண்டு எடுப்பவர் அயலாரின் கிளினிக் கொப்பியையும் கொண்டுவருகிறார். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துவிட்டு ஒருவர் வியர்த்து நடுங்கினால், பக்கத்து வாங்கில் இருப்பவர்தான் முதலில் கண்டு சீனித் தண்ணீர் கொடுக்கிறார். பிரிஜ் இல்லாத வீட்டின் இன்சுலின் அயல் வீட்டுப் பிரிஜில் இருக்கிறது. இவற்றோடு ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்: “காலை ஒருக்காக் காட்டுங்கோ பாப்பம்.”

அந்தக் கேள்வி அதிகம் தேவைப்படுவது கதிர்காமத் திருவிழாவுக்கு முந்திய வாரங்களில். கதிர்காமப் பாதயாத்திரைச் சாமிமார் மட்டக்களப்பைக் கடந்து, உகந்தையிலிருந்து காடு வழியே நடக்கிறார்கள். வெறுங்காலும் சுடுமணலும் நேர்த்தியின் பகுதி. கால் விறைத்தவர் புறப்படுமுன் வைத்தியரைக் கேட்பது ஒருபுறம். இரவு தங்குமிடத்தில் இரண்டிரண்டு பேராக இருந்து, விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் காலை மற்றவர் பார்ப்பது அதைப்போலவே முக்கியம். செருப்புடன் நடப்பவரைக் குறையாகப் பார்க்காத சாமிமார் அவருடைய காலைக் காப்பாற்றுகிறார்கள்.

சோற்றின் அளவு, நோன்பு காலத்தில் குளிசை நேரத்தை வைத்தியரிடம் கேட்டு மாற்றுவது, மனச்சோர்வு ஆகியவை ஒவ்வொன்றும் தனி உரைக்கு உரியவை. பாதத்தைப் பொறுத்தவரை செய்தி சுருக்கம். நோவு போன இடத்தில் கண் காவலிருக்க வேண்டும். தன் கண் எட்டாத இடத்தில் அடுத்தவர் கண். மாந்தீவுக்கு அனுப்பி ஊர் தன் பார்வையை விலக்கிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. இன்று வாவியின் இரு கரை வீடுகளிலும் படுக்குமுன் ஒருவர் காலை மற்றவர் பார்க்கும் வழக்கம் வந்தால், மருந்து கட்டும் அறையின் வாங்குகளில் காத்திருப்போர் குறைவார்கள்.