மருத்துவரின் கூலியும் குப்பை அள்ளுபவரின் கூலியும்



"டாக்டர் பத்து வருசம் படிக்கிறார், அதனால அவ்வளவு சம்பளம். குப்பை அள்ள என்ன படிப்பு வேணும்?" கூலியைப் பற்றி எங்கே பேசினாலும் இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது. நம் தோழர்கள் சிலரே கேட்கிறார்கள். படிப்புதான் கூலியைத் தீர்மானிக்கிறது என்றால், அந்தப் படிப்புக்கு எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒரே மதிப்பு இருக்க வேண்டுமே?

சோவியத் ஒன்றியத்தில் 1970களில் மருத்துவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். சாதாரண மருத்துவருக்கு ஆலைத் தொழிலாளியின் சராசரிச் சம்பளம்கூடக் கிடைக்கவில்லை. தொழிலாளிக்கு மரியாதை என்று நாம் மகிழலாம். ஆனால் பெண்கள் செய்யும் வேலை என்பதாலும் அங்கே கூலி அமுங்கியது என்றே நான் நினைக்கிறேன்.

அமெரிக்காவுக்கு வாருங்கள். 2023ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி, எல்லா ஊழியர்களையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு ஆண்டுக்கு 48,060 டாலர். மருத்துவர்களை மட்டும் அப்படி நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு 2,39,200 டாலருக்குக் குறையாது. ஐந்து மடங்கு. வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டிப் பராமரிப்பவருக்கோ சுமார் 33,500தான்.

அங்கே மருத்துவம் படித்தவர்களில் பெரும்பாலோர் பெருங்கடனோடுதான் வெளியே வருகிறார்கள், அது உண்மை. ஆனால் படிக்க யாரை உள்ளே விட்டார்கள்? 1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் மருத்துவக் கல்லூரிகளின் தரம் பற்றி ஓர் அறிக்கை தந்தார். அதையடுத்து ஏராளமான கல்லூரிகள் மூடப்பட்டன. கறுப்பின மக்களுக்கென்று இருந்த ஏழு கல்லூரிகளில் ஹோவர்ட், மெஹாரி இரண்டுதான் மிஞ்சின. காரணமாகச் சொல்லப்பட்ட சொல் 'தரம்'. நமக்குப் பழக்கமான சொல்தானே! கறுப்பின மருத்துவர்களை ஒதுக்கிவைத்த வரலாற்றுக்காக அமெரிக்க மருத்துவச் சங்கம் மன்னிப்புக் கேட்டது 2008இல்.

கதவு சாத்தப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு மெம்பிஸ் நகரம் சாட்சி. அங்கே குப்பை அள்ளியவர்கள் அநேகமாக எல்லோரும் கறுப்பினத்தவர். முழுநேரம் உழைத்தும் பலர் அரசு உதவியை நம்பித்தான் குடும்பம் நடத்தினார்கள். 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்குக் குப்பை லாரிக்குள் ஒதுங்கிய இருவர், குப்பையை அழுத்தும் எந்திரத்தில் நசுங்கிச் செத்தார்கள். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 'நான் ஒரு மனிதன்' என்பதுதான் அவர்கள் ஏந்திய அட்டையில் இருந்தது.

மார்ச் 18 அன்று மார்ட்டின் லூதர் கிங் அவர்களிடையே பேசினார். குப்பை அள்ளுபவர் மருத்துவருக்குச் சமமாக முக்கியமானவர், அவர் வேலையை நிறுத்தினால் நோய் பரவும் என்றார். ஏப்ரல் 4 அன்று அதே ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மருத்துவரின் சம்பளத்தைக் குறைக்கச் சொல்லவில்லை நான். விடிய விடிய விழித்திருக்கும் பயிற்சி மருத்துவர் நம் எதிரியா என்ன? உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவரின் சம்பளம் என்ன, அதே வார்டைக் கழுவும் ஒப்பந்தத் தொழிலாளியின் கைக்கு வருவது என்ன, அந்தத் தொழிலாளியின் அம்மா என்ன வேலை செய்தார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அதை வைத்துப் பேசுவோம்.